சீலாவும் என் அண்ணியின் உதடும்

என் அண்ணிக்கு மீன் மார்க்கெட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு. உதட்டுக்காரி. வெளியாட்கள் கேட்டால் வேறு என்னமோ நினைத்துக்கொண்டு இளிப்பார்கள். இளிக்கிறவன் வாயில் ஒரு கை செதிலை அள்ளிப் போடலாமா என்று எனக்கு வரும். அண்ணி மீன் வெட்டுகிறவள். காலில் ரப்பர் பூட்ஸ், கழுத்திலிருந்து தொங்கும் பிளாஸ்டிக் விரிப்பு, முன்னால் நடுவில் குழி விழுந்த ஒரு மரக்கட்டை. வெட்டுகிற கை இருக்கும்போது பெயர் ஏன் உதட்டுக்குப் போனது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன்.

எங்கள் குடும்ப ஏற்பாடு இதுதான். என் அண்ணன் படகு வைத்திருக்கிறான், பிடித்துக்கொண்டு வருவான். சிமெண்ட் மேடையில் மீனைப் பரப்பி ஐஸ் போட்டுத் தங்கச்சி நான் விற்பேன். என் இடது பக்கத்தில் கட்டையைப் போட்டு அண்ணி வெட்டித் தருவாள். என் வாய் மூடாது, அவள் வாய் திறக்காது. அப்படி ஒரு கல்லுளிமங்கி.

"அண்ணே, வீட்லயாவது அண்ணி பேசுவாங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாள் முழுக்க உன் பேச்சைக் கேட்ட காது. கொஞ்சம் ஆறட்டும்னு நானே விட்டுட்டேன்" என்றான்.

அழுதோ அதிர்ந்தோ அவளை நான் பார்த்ததில்லை. அவளைப் பெற்ற தாய் போய்விட்டாள் என்று தகவல் வந்தபோது கட்டையில் பாதி அறுத்த மீன் ஒன்று கிடந்தது. "ம்" என்றாள். அந்த மீனை முழுக்க வெட்டி, பையில் போட்டு, வாங்கியவர் கையில் கொடுத்து, கத்தியைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி என்று மார்க்கெட்டில் பேசினார்கள். நானும்தான் பேசினேன், எனக்கென்ன பயம்.

இப்போது சீலாவைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் கடலில் கரையிலிருந்து தள்ளி பவளப்பாறைத் திட்டு ஒன்று ஓடுகிறது. நாங்கள் பார் என்போம். சீலா அந்தப் பாரில் வேட்டையாடுகிற மீன். ஒல்லியாக நீண்ட உடம்பு, முன்னால் துருத்திய கீழ்த்தாடை, அதில் ஊசி ஊசியாகப் பல். செத்துப் பெட்டியில் கிடக்கும்போதுகூட வாய்க்குள் தெரியாமல் விரலை விட்டால் கிழித்துவிடும். இளசுகள் கூட்டமாகத் திரியும். பாரில் சிக்கிய நங்கூரத்தை எடுக்க ஒருமுறை அண்ணன் முங்கினான். நிமிர்ந்து பார்த்தால் சுற்றிலும் சீலாவாம். வெள்ளிச் சுவர் எழுப்பினதுபோல் அவனை நடுவில் விட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தனவாம்.

"கடிச்சுச்சா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணல. எல்லாம் என்னையே பாத்துச்சு. அதான் தாங்க முடியல" என்றான்.

கூட்டத்தில் திரிகிற சின்னச் சீலாவால் பெரும்பாலும் வம்பில்லை. வளர்ந்து கிழடாகித் தனியாகப் போகிறதே, அதுதான் ஆபத்து. பாரில் படிகிற பாசியில் ஒருவகை விஷம் உண்டு. பாசியைத் தின்ற சின்ன மீனிலிருந்து, அதைத் தின்ற பெரிய மீனுக்கு ஏறி, எல்லாவற்றையும் தின்ற கிழட்டுச் சீலாவில் வந்து சேரும். எல்லாச் சீலாவிலும் இருக்காது. எதில் இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. மணம் மாறாது, ருசி மாறாது, வேகவைத்தாலும் போகாது. தின்றவனுக்கு முதலில் வயிறு போகும். பிறகு உதடும் விரலும் மரத்துப்போகும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் நெருப்புப் பட்டதுபோல் துடிப்பான். சிலருக்கு மாசக்கணக்கில் விடாது.

அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் வேறு ஒரு படகில் அப்படி ஒரு கிழட்டுச் சீலா வந்தது. வயிற்றைக் கிழித்து ஈரலை எடுத்தவள், வேர்வையைத் துடைக்கிறேன் என்று புறங்கையை வாயில் இழுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "உதடு விறுவிறுங்குது. இதை வித்துடாதீங்க" என்றாள். புதுப்பெண் பேச்சை யார் கேட்பார்கள்? விற்கத்தான் இல்லை, அந்தப் படகுக்காரர்கள் தாங்களே கூறு போட்டுத் தின்றார்கள். மறுநாள் படகு கிளம்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஒருவர் காலைக் கழுவத் தண்ணீர் ஊற்றிவிட்டு "சுட்டுருச்சு, சுட்டுருச்சு" என்று தெருவில் குதித்தார். அன்றோடு என் அண்ணி உதட்டுக்காரி ஆனாள்.

அதற்குப் பிறகு கைநீளத்துக்கு மேல் எந்தச் சீலா வந்தாலும் அவள் கட்டைக்கு வந்தாக வேண்டும். ஈரலில் நகக்கண் அளவு கிள்ளிக் கீழுதட்டின் உள்பக்கம் வைத்துக்கொள்வாள். நான் ஒரு டீ வாங்கிக் கையில் கொடுப்பேன். குடிக்க மாட்டாள். டீயின் மேல் ஆடை படியும்வரை அசையாமல் நிற்பாள். விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள், ஏலக்காரர் எல்லாரும் அவள் வாயையே பார்ப்பார்கள். ஆடை படிந்ததும் துப்பிவிட்டு ஒரே வார்த்தை. ஒன்று "வெட்டலாம்", இல்லையென்றால் "வேணாம்". வேணாம் என்றால் ஐஸ் கிடங்குக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். அண்ணன் அரை நாள் மல்லுக்கட்டிப் பிடித்த ஒரு மீனையே வேணாம் என்றிருக்கிறாள். அவன் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

வெட்டலாம் என்று அவள் சொன்ன மீனின் தலை அவளுக்கே. அது மரியாதை மாதிரி தெரியும். உள்ளே வேறு யோசனை இருந்தது. தலையிலும் ஈரலிலும்தான் விஷம் அதிகம் தங்கும் என்று பேச்சு. நல்ல மீன் என்று சொன்னவளே அதைக் கொண்டுபோய்த் தின்னட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. அண்ணனுக்குக் கடலில் மீனைப் பார்த்துப் பார்த்து வீட்டில் மீன் என்றாலே குமட்டும். ஒரே மகளைத் தெருக்கோடியில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. ஆக, தலையை வேகவைத்து அண்ணி தனியாகத்தான் சாப்பிடுவாள்.

ஒரு வருஷம் அப்படி ஒரு தலையில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். உதடு ஒன்றும் சொல்லவில்லை, வெட்டலாம் என்றாள், தலையைத் தின்றாள், வயிறு பிய்த்துக்கொண்டு போனது. அண்ணன் கடலில். என்னிடம் "வெயில் ஒத்துக்கல" என்று சொல்லி ஒருநாள் படுத்தாள், மறுநாள் கட்டைக்கு வந்துவிட்டாள். அந்த மீனை வாங்கியவர்கள் யாரும் வந்து சண்டை போடவில்லை. ஆனால் அவள் உதடு அன்றே செத்துவிட்டது. கடித்தால் வலி இல்லை, கிள்ளினால் தெரியாது. விரல் நுனியும் அப்படியே. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் ஒரு லூசு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு வாயாடிக்கொண்டிருந்தேன்.

கண்ணில் படவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐஸ் கட்டியை வெறுங்கையால் அள்ளுகிறவள், துணியைச் சுற்றி அள்ள ஆரம்பித்தாள். கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் விழுங்கினாள். ஒருநாள் மீன் வாங்க வந்த தையல்காரம்மாவுக்குத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மா "ஐயோ, விரல்!" என்று அலறிவிட்டாள். கட்டை முழுக்க ரத்தம். அண்ணி தன் விரலை யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமான் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மீன் ரத்தம்னு நெனச்சேன்" என்றாள்.

"கண்ணை எங்க அண்ணி வச்சிருந்தீங்க? விரலே போயிருக்கும்!"

"போகல" என்று துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டாள்.

அந்த நிலையில்தான் சீலா தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. முதலில் அவள் எல்லாவற்றுக்கும் வேணாம் என்றாள். குழி நிறைந்தது. "கடல்ல இருக்கற சீலா மொத்தத்துக்கும் விஷம் வச்சது யாரு?" என்று அண்ணனே கத்தினான். "உதட்டுக்காரிக்கு வயசாயிடுச்சு" என்று ஏலக்காரர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அதற்கப்புறம் பழையபடி சில வெட்டலாம், சில வேணாம் என்று ஆனது. மார்க்கெட்டும் நிம்மதியானது. டீ ஆறுகிற வரைக்கும் அதே மாதிரி நின்றாள், அதே மாதிரி துப்பினாள். ஒரு வித்தியாசமும் யாருக்கும் தெரியவில்லை.

இதற்கிடையில் என் மருமகள், அதாவது அவள் மகள், உண்டானாள். முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது. ஆகவே இந்த முறை மாடிப்படி ஏறக்கூட அவள் புருஷன் விடவில்லை. வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்ததும் அவளுக்குச் சீலாத் தலை மேல் ஆசை வந்துவிட்டது. சின்ன வயதில் அம்மாவோடு உட்கார்ந்து கண்ணைத் தோண்டிச் சாப்பிட்ட நாக்கு. கேட்டுக்கொண்டே இருந்தாள். தலை கெட்டுப்போச்சு, பூனை தூக்கிட்டுப் போச்சு, வேற ஒருத்தர் கேட்டாங்க கொடுத்துட்டேன் என்று ஒவ்வொரு தடவையும் அண்ணி ஒரு சாக்கு வைத்திருந்தாள். வாயே திறக்காதவளுக்கு இத்தனை சாக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

சீலாக் கூட்டம் பாரில் கூடுகிற பருவம் வந்தது. அண்ணன் படகிலிருந்து பெட்டி பெட்டியாக இறங்கியது. எல்லாம் இளசு, முழங்கை நீளம். அவற்றோடு ஒரு கிழடும் இருந்தது. இரண்டு பேர் தூக்கி வந்து கட்டையில் போட்டார்கள், தலையும் வாலும் இரண்டு பக்கமும் தொங்கின. நான் டீ வாங்கிக் கொடுத்தேன். அண்ணி ஈரலை வைத்தாள். கூட்டம் காத்து நின்றது. ஆடை படிந்தது. துப்பினாள்.

"வெட்டலாம்."

அவ்வளவுதான், மேடையில் எள் போட்டால் எள் விழாது. நான் எடை போடப் போட அவள் துண்டு போட்டாள். தையல்காரம்மா நடுத்துண்டு வாங்கிக்கொண்டாள். ஐஸ் வண்டிக்காரர் வாலை எடுத்துக்கொண்டார். தலை கட்டையின் ஓரத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அப்போது மருமகள் வந்து சேர்ந்தாள். ஒரு கை இடுப்பில், மறு கையில் மூடி போட்ட பாத்திரம்.

"அத்தை, இன்னைக்கு நானே வந்துட்டேன். இனிமே பூனை எப்படித் தூக்குதுன்னு பாக்கறேன்" என்று சிரித்தாள்.

"வாடியம்மா, இதுக்கு மேல யாரு என்ன சொல்ல முடியும்" என்றேன்.

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "இது உனக்கு வேணாம்" என்றாள்.

"ஏம்மா?"

"புள்ளத்தாச்சிக்கு ஆகாது."

"போன வாரம் நீதானே சின்னச் சீலா வறுத்து எடுத்துட்டு வந்த? அது ஆகும், இது ஆகாதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "மகளுக்குக் கொடுக்கக்கூட உதட்டுக்காரிக்கு மனசு வரல பாரு" என்றார் ஏலக்காரர். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "புள்ளத்தாச்சி ஆசைப்பட்டுக் கேக்குறா. கொடுத்தா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?" என்று சொல்லி, தலையை நானே தூக்கிப் பாத்திரத்தில் போட்டேன். மருமகள் மூடியைப் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

வியாபார நேரத்தில் அண்ணி கட்டையை விட்டு நகர்ந்து நான் பார்த்ததில்லை. அன்று கத்தியைக் கீழே வைக்காமல் அப்படியே வெளியே வந்தாள். மகள் கையிலிருந்த பாத்திரத்தைப் பிடுங்கினாள். மூடி எங்கேயோ உருண்டது. தலையைக் கழிவுநீர்க் கால்வாயில் கவிழ்த்தாள்.

"அம்மா!" என்று மருமகள் கத்தினாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தையல்காரம்மா தன் மீன் பையைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். "ஏன் கொட்டுன? நீ வெட்டலாம்னுதானே சொன்ன?" என்று கேட்டாள்.

"சொன்னேன்."

"அப்ப நல்ல மீன்தானே?"

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. பிறகு வழக்கமாக விலை கேட்டால் சொல்கிற அதே குரலில் சொன்னாள். "எனக்குத் தெரியல. உதடு செத்துப்போச்சு. ஒரு வருஷமாச்சு. எதை வச்சாலும் ஒண்ணும் தெரியறதில்ல."

"அப்ப எப்படிச் சொன்ன இத்தனை நாளும்?"

"ஒண்ணு விட்டு ஒண்ணு" என்றாள். "ஒரு மீனுக்கு வெட்டலாம். அடுத்ததுக்கு வேணாம்."

யாராவது அடித்திருந்தால்கூடத் தேவலை. அவளைச் சுற்றி வட்டமாக நின்று எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அண்ணன் கடலுக்கடியில் பார்த்தேன் என்றானே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. தையல்காரம்மா பையிலிருந்து துண்டுகளை எடுத்து மேடையில் வைத்தாள். அடுத்தவர் வைத்தார். அதற்கடுத்தவர். வாங்கிக்கொண்டு வாசல் தாண்டியவர்களை ஏலக்காரர் ஓடிப்போய்க் கூட்டி வந்தார். கடைசியில் ஐஸ் வண்டிக்காரர் வாலைக் கொண்டுவந்து ஓரமாகச் சாய்த்து வைத்தார். மேடையில் மீன் பழையபடி முழுசாகிவிட்டது, தலையைத் தவிர.

நான்தான் கத்தினேன். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே! என் மேடையில வித்தது! என் கையால எடை போட்டது! யாராவது செத்திருந்தா?" நீங்க, வாங்க எல்லாம் பறந்துவிட்டது. "நீ எல்லாம் பொம்பளையா? உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

"தலையை நான்தான் தின்னேன்" என்றாள். "வெட்டலாம்னு சொன்ன ஒவ்வொண்ணையும். ஏதாவது ஆனா எனக்குத்தான் முதல்ல ஆகும்னு."

"அடிப்பாவி! நீ தின்னு பாத்துச் சொல்றதுக்குள்ள ஊரே தின்னு முடிச்சிருக்குமே!"

அவள் அதை அதுவரை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அது அவள் முகத்தில் தெரிந்தது. தலை முதலில், மற்றவர்கள் பிறகு என்று அவள் மனசுக்குள் ஒரு வரிசை இருந்திருக்கிறது. துண்டுகள் மத்தியானமே எல்லார் வீட்டு அடுப்பிலும் ஏறிவிடுகின்றன, தலை சாயங்காலம்தான் அவள் அடுப்பில் ஏறுகிறது. இதுகூடவா ஒரு மனுஷிக்குத் தோன்றாது? தோன்றவில்லை. விஷத் தலையாகத் தின்று தின்று மரப்பும் விடாமல் கூடிக்கொண்டே போயிருக்கிறது.

அந்த மீனைப் புதைத்தார்கள். அதில் விஷம் இருந்ததா இல்லையா, இன்றுவரைக்கும் யாருக்கும் தெரியாது. கைநீளத்துக்கு மேல் எந்தச் சீலாவும் மேடை ஏறக்கூடாது என்று ஏலக்காரர் சொல்லிவிட்டார். படகுக்காரர்கள் முணுமுணுத்தார்கள், அண்ணன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "நான் கத்தினதாலதான் அவ அப்படிச் செஞ்சா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னான், அதோடு சரி. அண்ணியை யாரும் துரத்தவில்லை. மீனை வாங்கிக்கொண்டு கோடியில் இருக்கிற வேறு கட்டைக்குப் போனார்கள். அவள் காலையில் வந்து கட்டையைக் கழுவி, கத்தியைத் தீட்டி, யாரும் வராமல் நின்றுவிட்டு மதியம் வீட்டுக்குப் போனாள்.

ஒருநாள் ஐஸ் வண்டிக்காரர் வந்தார். அவருக்கு மழைக்காலத்தில் கால் எரிச்சல் வந்து நாள்கணக்கில் வண்டி எடுக்காமல் படுத்திருந்தார். அப்போது யாரும் அதை மீனோடு சேர்த்து யோசிக்கவில்லை.

"அக்கா, நான் அப்ப தின்னது எந்த மீன்? ஒண்ணா, விட்டதா?" என்று கேட்டார்.

"வித்த மீன்னா வெட்டலாம்னு சொன்னதுதான்" என்றாள் அண்ணி. "உங்களுக்கு வந்தது அதனாலயான்னு தெரியல."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு ஐஸ் போட வந்தவர், ஐஸ் போடாமலே போய்விட்டார்.

நான் அவளோடு பேச்சை நிறுத்தினேன். வாயைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை தெரியுமா? அவள் சும்மா நின்றுகொண்டிருந்தாள். கடைசியில் என் மருமகள்தான் எங்கள் இருவரையும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவளுக்கு வயிற்றைக் காட்ட வேண்டும், அம்மாவின் கையையும் காட்ட வேண்டும். பாத்திரத்தைப் பிடுங்கிய கோபம் அவளுக்குப் பாதி வழியிலேயே போயிருந்தது. மீதிப் பாதி எனக்குத்தான் இருந்தது.

டாக்டரம்மா வயதில் சின்னவள். வயிற்றைப் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்றாள். பிறகு அண்ணியின் விரலை ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மீனை அறவே விட்டுவிட்டால் மெல்ல மெல்லத் திரும்பலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றாள். உதட்டுச் சமாச்சாரத்தை நான்தான் போட்டு உடைத்தேன். பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது?

டாக்டரம்மா அதட்டவில்லை. "உதட்டுல வச்சுப் பாக்கறதெல்லாம் நம்ப முடியாதும்மா. எப்பவாவது தெரியலாம். பெரும்பாலும் தெரியாது. ஆய்வுக்கூடத்துல பாத்தாத்தான் உண்டு" என்றாள்.

"உதடு நல்லா இருந்தாலுமா?" என்று அண்ணி கேட்டாள்.

"நல்லா இருந்தாலும்தான்."

"அப்ப முன்னாடி நான் சொன்னதெல்லாம்?"

"உங்க நல்ல நேரம், தப்பிச்சிருக்கீங்க."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். மருமகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். எதிரே ஒருவர் தன் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார், அது கிளம்பவில்லை. அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மார்க்கெட் முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. எங்கள் ஊரில் வேறு எந்தப் பெண்ணுக்காக யார் அப்படி நின்றார்கள்?

"முன்னாடியும் ஒண்ணு விட்டு ஒண்ணுதான் போல" என்றாள்.

கோபம் இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன், அங்கே எதுவும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தது அவளுக்குத் தெரிந்ததா என்பது தெரியாது.

குழந்தை பிறந்தது. பெண். கை கால் எல்லாம் சரியாக, தொண்டை மட்டும் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று அண்ணன் சொன்னான். அண்ணி மார்க்கெட்டை விட்டுவிட்டு மகள் வீட்டில் துணி துவைத்துக்கொண்டு, பெருக்கிக்கொண்டு இருந்தாள். குழந்தையைக் குளிப்பாட்ட மட்டும் என்னைக் கூப்பிட்டுவிடுவாள். தண்ணீரின் சூடு அவளுக்குத் தெரியாதே. நான் மேடையை மூடிவிட்டு வந்து குளிப்பாட்டுவேன். அவள் துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள்.

ஒரு சாயங்காலம் நான் டீ போட்டு அண்ணிக்கு எடுத்துக்கொண்டு போனேன். மருமகள் கட்டிலில் படுத்திருந்தாள், குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. பெண் பிள்ளைகள் அம்மாவிடம் கேட்கிற பழக்கத்தில் அவள் யோசிக்காமல் கேட்டுவிட்டாள்.

"அம்மா, இவளுக்கு உடம்பு சுடுதான்னு பாரு."

அண்ணி கையை நீட்டினாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாது. அத்தையைக் கேளு" என்றாள்.

இத்தனை வருஷம் எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தையில் தீர்ப்புச் சொன்னவள். நான் புறங்கையை வைத்துப் பார்த்தேன். "சுடல. பசியா இருக்கும்" என்றேன். எழுந்து கூந்தலை முடிந்துகொள்ளும்வரை மருமகள் குழந்தையை அண்ணியின் மடியில் வைத்தாள்.

அண்ணி குனிந்து கீழுதட்டைக் குழந்தையின் நெற்றியில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. மார்க்கெட்டில் நிற்கிற மாதிரியே அசையாமல் இருந்தாள். என் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எப்படி இருக்கு?" என்றாள்.

"என்ன அண்ணி?"

"இவ நெத்தி. எனக்கு ஒண்ணும் தெரியல. நீ தொட்டுப் பாத்தியே, சொல்லு. எல்லாத்துக்கும் பேசுவியே."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டு மறுபடி தொட்டேன்.

"வெதுவெதுன்னு இருக்கு அண்ணி. மெத்துன்னு இருக்கு."

"அப்புறம்?"

நான் வாயாடி. ஊரே சொல்லும். அன்றைக்குப் பார்த்து ஒரு வார்த்தை வரவில்லை. அழுகைதான் வந்தது.

"அவ்வளவுதான் அண்ணி."

"சரி" என்றாள். திரும்பவும் குனிந்து உதட்டை அதே இடத்தில் வைத்துக்கொண்டாள்.